இரண்டாம் பக்கத்துப் பத்தி

மின்னஞ்சல் வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டே நடந்துகொண்டிருந்தேன். கலிபோர்னியாவில், சான் ரமோனில் எங்கள் அலுவலக வளாகத்துக்கு நடுவே ஒரு செயற்கைக் குளம் உண்டு. மதியம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அதை மூன்று சுற்றுச் சுற்றுவது என் வழக்கம். உட்கார்ந்து சாப்பிட்டால் ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறாய் என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நடந்துகொண்டே சாப்பிடுகிறவளை யாரும் கேட்பதில்லை. ஏதோ அவசரம்போல என்று விட்டுவிடுவார்கள்.

அனுப்பியவர் என் பள்ளித் தோழியின் அம்மா. தோழி என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அவளோடு பேசிப் பதினான்கு வருஷம் ஆகிறது. நியூ ஜெர்சியில் அவர்கள் வீட்டைக் காலி செய்கிறார்களாம். பழைய பெட்டி ஒன்றில் தோழியின் பாட் மிட்ஸ்வா பேச்சு அகப்பட்டதாம். கடிதம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. எனக்கு இதுமாதிரி விஷயங்கள் மனசுக்குள் தமிழாகத்தான் வந்து விழும்: “இதை என்ன செய்யட்டும்னு அவகிட்டக் கேட்டேன். ‘அது என்னோடது இல்லம்மா, அவளோடது. அவளுக்கே அனுப்பிடு’ன்னு சொன்னா. அதான் ஸ்கேன் பண்ணி அனுப்பறேன். நீ நல்லா இருக்கியா?”

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: ‘அது அவளோடது’ என்று படித்ததும் குளத்தங்கரையில் நின்று சிரித்தேன். கடைசியில் ஒத்துக்கொண்டாளே! ஏனென்றால் அந்தப் பேச்சை எழுதியது நான். அல்லது, அன்று மதியம் வரைக்கும் எழுதியது நான்.

இதைப் புரியும்படி சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

திருச்சியில் நான்காம் வகுப்பு முடித்த கையோடு நான் நியூ ஜெர்சிக்கு வந்தேன். முதல் நாள் பள்ளிப் பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் அவள். யூதக் குடும்பம். எங்கள் அடுக்குமாடிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. நான் பேசும் ஆங்கிலத்தை யாராவது கேலி செய்தால் அவள் அவர்களையே முறைத்துப் பார்ப்பாள். சொல்ல ஒன்றுமில்லாமல் முறைப்பது அவளுக்குக் கைவந்த கலை. அவளுக்குப் பேச்சு வராது. எனக்கு வாய் மூடாது. மூன்றே வருஷத்தில் அந்த மொழியை நான் விழுங்கிவிட்டேன். ஏழாம் வகுப்பில் கட்டுரைக்கு ஆசிரியர் கொடுத்த இடம் எனக்கு எப்போதும் போதாது.

அந்த ஏழாம் வகுப்பு வருஷம்தான் சனிக்கிழமைதோறும் யாராவது ஒரு பையனுக்குப் பார் மிட்ஸ்வா, யாராவது ஒரு பெண்ணுக்குப் பாட் மிட்ஸ்வா. பன்னிரண்டு, பதிமூன்று வயதானதும் பிள்ளையைச் சபைக்கு முன்னால் நிறுத்தி, வேதத்தில் அந்த வாரத்துக்கென்று இருக்கிற பகுதியை ஹீப்ரூவில் ராகத்தோடு ஓதவைப்பார்கள். அதோடு விடமாட்டார்கள். அந்தப் பகுதி உனக்கு என்ன சொல்கிறது என்று பேசவும் வேண்டும். எதிரே இருநூறு பேர். தாத்தா முதல் பல் டாக்டர் வரை.

என் தோழிக்கு வாய்த்த வாரம் தோல் வியாதி வாரம். உண்மையாகத்தான். உடம்பில் வெள்ளைத் தழும்பு வந்தவனைப் பூசாரி பார்க்க வேண்டும், ஏழு நாள் ஒதுக்கி வைக்க வேண்டும், ஆறவில்லையென்றால் கூடாரங்கள் அடித்திருந்த பாளையத்துக்கு வெளியே அவன் தனியாகவே இருக்க வேண்டும். பக்கம் பக்கமாகத் தழும்பு, சொறி, ரோமத்தின் நிறம். வகுப்பில் வேறு ஒருத்திக்குக் கடல் பிளக்கிற வாரம் கிடைத்திருந்தது.

“எனக்கு மட்டும் சொறி” என்று அழுதாள். “நான் என்ன பேசுவேன்?”

“நான் எழுதறேன்” என்றேன். அவள் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். எப்போதும் அப்படித்தான்.

அவர்களுடைய குருவான ரபி ஒரு விஷயம் சொல்லியிருந்தார்: அந்த வியாதி மற்றவரைப் பற்றித் தவறாகப் பேசுகிறவர்களுக்கு வருகிற தண்டனை என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்களாம். போதாதா எனக்கு? மூன்று பக்கம் தட்டச்சு செய்தேன். நாக்கின் தீமை, வதந்தி, பள்ளிக்கூடத்து உணவறை என்று வெளுத்து வாங்கினேன். ஆனால் அன்றைக்கு எல்லோரையும் அழவைத்தது அதெல்லாம் இல்லை. இரண்டாம் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு பத்தி. ஏழு நாள் ஓர் அறைக்குள் இருந்த ஒருத்தியைப் பற்றிய பத்தி.

அந்த ஒருத்தி நான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் நான் பெரியவளாகியிருந்தேன். ஊரில் என்றால் பதினாறு நாள் உட்காரவைப்பார்களாம். பள்ளிக்கூடம் போய்விடுமே என்று அம்மா ஏழாகக் குறைத்தாள். அப்பா பள்ளிக்குத் தொலைபேசி செய்து வைரல் ஃபீவர் என்று பொய் சொன்னார். சின்ன அறையில் ஒரு பாய், தனித் தட்டு, தனி டம்ளர். ஏழாம் நாள் தண்ணீர் ஊற்றிப் பட்டுப்பாவாடை கட்டி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பக்கத்து ஊரான எடிசனிலிருந்து வந்த ஆன்ட்டிகள் கன்னத்தில் சந்தனம் பூசிப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. என் தோழிக்கோ கையில் ஒலிபெருக்கி! அதனால்தான் பேச்சை எழுதித் தர அவ்வளவு பறந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பத்தி எப்படி என்னுடையது என்று நான் சொல்லிவந்த கதையில் விளக்கம் இருந்தது. அறைக்குள் இருந்தது நான். அதனால் எழுதியதும் நான். இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது கட்டுரையே இதைப் பற்றித்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், உங்களைப் பற்றி ஒரு சுவாரசியமான விஷயம் சொல்லுங்கள் என்றார்களே, அப்போதும் இதுதான். பழகிப் பார்க்கலாமா என்று காபி குடிக்க வந்த இரண்டு பேரிடமும் சொன்னேன். இரண்டு பேருமே வாவ் என்றார்கள். அதற்குப் பிறகு இரண்டு பேருமே வரவில்லை.

விழா நாளைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

பாட் மிட்ஸ்வா என்றால் என்ன என்று அம்மா கேட்டபோது, பெண் பெரியவளாவதற்குச் செய்கிற விழா என்று சொல்லித்தொலைத்தேன். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“அட, அவங்கள்லயும் பண்றாங்களா! பாரேன். நம்மளை மாதிரியே! எப்ப ஆச்சு அவளுக்கு?”

“அம்மா, அது இல்லம்மா இது. இது ரிலிஜியஸ்.”

“நம்மது மட்டும் என்ன? எல்லாம் சாமி காரியந்தான்.”

எனக்குப் பொறுமை இல்லை. விளக்காமல் விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை அவர்களுடைய சினகாக் என்கிற வழிபாட்டுக் கூடத்தின் வாசலில் அம்மா காரின் பின்கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். வெள்ளித் தாம்பாளம். அதில் அரக்குப் பட்டுப்பாவாடை, கண்ணாடி வளையல் இரண்டு டஜன், மஞ்சள் கிழங்கு, வெற்றிலை, பழம், தேங்காய். தனியாக ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல்.

வாசலில் நின்ற பெரியவர், வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோக முடியாது என்று மெதுவாகச் சொன்னார்.

“ப்யூர் வெஜ்” என்றாள் அம்மா, அவர் தோளில் தட்டாத குறையாக. “நோ எக் ஆல்சோ.”

தூக்கு காருக்குத் திரும்பியது. தாம்பாளம் உள்ளே வந்தது. சபை தொடங்கி அரைமணி நேரம் ஆகியிருந்தது. எல்லோரும் எழுந்து நிற்கையில் அம்மாவும் தாம்பாளத்தோடு எழுந்தாள், உட்காருகையில் தாம்பாளத்தோடு உட்கார்ந்தாள். வளையல்கள் ஒவ்வொரு முறையும் கலகலவென்றன. நான் இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

தோழி ஓதினாள். பிறகு பேசினாள். பேச வராதவள், என் காகிதத்தைப் பார்த்துத் தட்டித் தடவிப் படித்தாள். நாக்கின் தீமைக்கு இரண்டொருவர் கொட்டாவி விட்டார்கள். இரண்டாம் பக்கம் வந்தது. அந்தப் பத்தியை மட்டும் அவள் காகிதத்தைப் பார்க்காமல் சொன்னாள். முன்வரிசையில் அவளுடைய அத்தை கைக்குட்டையைத் தேடினார். முடிந்ததும் எல்லோரும் மிட்டாயை எடுத்து அவள்மேல் வீசினார்கள். அது அவர்கள் வழக்கம். ஒரு மிட்டாய் பறந்து அம்மாவின் தாம்பாளத்தில் விழுந்தது. அம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அம்மா நேரே தோழியிடம் போய்த் தாம்பாளத்தைக் கொடுத்து அவள் நெற்றியில் குங்குமம் வைத்தாள். பக்கத்தில் நின்ற அத்தை, தேங்காயை இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்து, “இதை என்ன பண்ணணும்? ஓதணுமா?” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் பதிமூன்று வயதில் சிரிப்பில் ஏது நல்லது, கெட்டது?

அம்மா விடவில்லை. என் முழங்கையை இடித்தாள். “கேளுடி. தாய்மாமன் யாரு வந்திருக்காங்கன்னு கேளு. அவங்கதானே முதல்ல சீர் வைக்கணும்? நாம முந்திக்கிட்டோமோ என்னவோ.”

“அம்மா ப்ளீஸ். வாயை மூடு.”

“என்னம்மா சொல்றாங்க?” என்று அத்தை என்னைக் கேட்டார்.

அம்மா என்ன சொல்கிறாள் என்பதைத் தவிர எதை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருந்தேன். இந்த அம்மாவின் பெண் என்பதைவிடப் பெரிதாக ஏதாவது ஒன்றாக அந்த நிமிஷமே ஆகிவிட வேண்டும். “அந்தப் பேச்சை எழுதினது நான்” என்றேன். “முழுசும். அவளுக்கு எழுத வராது.”

அத்தையின் பார்வை என்னைத் தாண்டிப் போனது. திரும்பினேன். நெற்றியில் குங்குமத்தோடு தோழி நின்றிருந்தாள். அவள் முறைக்கக்கூட இல்லை.

திங்கட்கிழமை பேருந்தில் வேறு இருக்கை. நான் இரண்டு நாள் காத்திருந்தேன். பிறகு எனக்கும் ரோஷம். உண்மையைத்தானே சொன்னேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருஷம் அப்பாவுக்கு வேலை மாறி டெக்சாஸில் கேட்டி என்கிற ஊருக்குப் போனோம். அவ்வளவுதான்.

ஆக, அந்த மின்னஞ்சலைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: பதினான்கு வருஷம் கழித்து வழக்கு என் பக்கம் தீர்ந்தது. வேலை முடித்து வீட்டுக்கு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் மடிக்கணினியைத் திறந்தேன்.

முதல் பக்கம் நான் தட்டச்சு செய்ததுதான். சந்தேகமே இல்லை. என்ன ஆணவம்! ‘நாவானது வாளினும் கூரியது’ என்கிற ரகத்தில் ஆரம்பம். ஒரே வாக்கியத்தில் மூன்று ‘எனவே’. பதிமூன்று வயதில் ஒருத்தி இப்படி எழுதினாள் என்றால் அவளுக்கு நண்பர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

இரண்டாம் பக்கத்துக்கு உருட்டினேன். இது விழாவில் படித்த பிரதி இல்லை, அதற்கு முந்தைய வரைவு. நாக்கைப் பற்றிய என் இரண்டு பத்திகளுக்கு நடுவே ஓர் அம்புக்குறி. அது ஓரத்துக்குப் போகிறது. அங்கே, நீல மையில், குண்டு குண்டான இடது கைக்காரி எழுத்தில், பக்கத்தின் அடிவரைக்கும் எழுதியிருந்தது. நான் வலது கைக்காரி.

ஆங்கிலத்தில் இருந்ததை என்னால் முடிந்தவரை தருகிறேன்: ‘எனக்குத் தெரிந்த ஒருத்தி ஏழு நாள் ஓர் அறையில் இருந்தாள். அவளுக்கு வியாதி ஒன்றும் இல்லை. ஏன் உள்ளே இருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை. பள்ளி விட்டதும் போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் உட்காருவேன். ஒரு நாள் அவள் உள்ளேயிருந்து என்னைப் போகச் சொன்னாள். நான் போகவில்லை. நம் வேதப் பகுதியில் பூசாரியைப் பற்றி இருக்கிறது, வெளியே இருக்கிறவனைப் பற்றி இருக்கிறது. பாளையத்திலிருந்து எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் எதுவும் பேசாததால் எழுதாமல் விட்டிருப்பார்கள்.’

என் பென்சில் அங்கே செய்த வேலை ஒன்றே ஒன்று. ‘ஒரு நாள் அவள் என்னைப் போகச் சொன்னாள், நான் போகவில்லை’ என்கிற இடத்தை அடித்திருந்தது.

மூன்று முறை படித்தேன். நான்காம் முறை படிக்கும்போது, கதவுக்கு இந்தப் பக்கம் என்கிற இடத்தில் நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் இந்தக் கதையைச் சொன்னேனே, ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டாமா? உள்ளே இருந்தவளுக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரியும்? அந்தப் பத்தியில் பாயும் இல்லை, தட்டும் இல்லை, டம்ளரும் இல்லை. என் அறைக்குள் இருந்த ஒரு பொருளும் அதில் இல்லை. இறுதிப் பிரதியை நான்தான் தட்டச்சு செய்தேன். என் விரல்களுக்கு அது ஞாபகம் இருந்திருக்கிறது. தட்டியதை எழுதியதாக எப்போது மாற்றிக்கொண்டேன் என்பது மட்டும் ஞாபகம் இல்லை. ஒரே நாளில் நடந்திருக்கலாம். அத்தை கேட்ட அந்த நிமிஷத்தில்.

அம்மாவைக் கூப்பிட்டேன். கேட்டியில் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

“அம்மா, நான் வயசுக்கு வந்தப்ப—”

“ஐயோ, அதை ஏண்டி இப்ப எடுக்கற? மறுபடியும் தெரபிஸ்ட்கிட்டப் போறியா?”

“இல்லம்மா. அப்ப அவ வந்தாளா? என் ஃப்ரெண்ட்.”

“வந்தாளாவா? ஏழு நாளும் வந்துச்சு அந்தப் பொண்ணு. ஹோம்வொர்க் கொண்டாந்து கதவுக்கடியில தள்ளும். கார்ப்பெட்டிலயே உக்காந்துக்கும். நான்கூடச் சொன்னேன், நீ வீட்டுக்குப் போம்மா, அவ நல்லாத்தான் இருக்கான்னு. கேக்கல. ஒரு தோசை போட்டுக் குடுத்தா சாப்பிட்டுட்டுத் தட்டையும் கழுவி வெச்சிரும். நீ கழுவியிருக்கியா என்னிக்காவது?”

“நான் ஏதாவது சொன்னேனா அவள?”

“என்ன சொன்ன? ஒருநாள் உள்ளேருந்து கத்தின. ‘கோ ஹோம்’னு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அது அசையல. பேசாம நோட்டை எடுத்து வெச்சு எழுதிட்டு இருந்துச்சு. ஏன், இப்ப பேசறீங்களா ரெண்டு பேரும்?”

“இல்லம்மா.”

“பேசேண்டி. அங்க தனியாத்தானே கெடக்க.”

மறுநாள் சனிக்கிழமை இல்லை, விடுமுறையும் இல்லை. ஆனாலும் காலை மீட்டிங்கைத் தள்ளிவைத்துவிட்டுத் தோழியின் அம்மாவுக்கு அழைத்தேன். அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். அந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட, என்னை மட்டும் அம்மா விடவில்லை. அவருக்கும் அது பிடித்துப்போயிருந்தது.

“ஆன்ட்டி, அந்தப் பேச்சு என்னோடது இல்ல. அதாவது, பாதி என்னோடது. நல்லா இருக்கற பாதி அவளோடது.”

“தெரியும்மா” என்றார். “அவ கையெழுத்து எனக்குத் தெரியாதா?”

“அப்ப ஏன் அன்னிக்கு யாருமே…”

“நீ அத்தைகிட்ட என்ன சொன்னேன்னு ராத்திரி வீட்டுக்கு வந்துதான் சொன்னா. உன்கிட்டப் போய்ப் பேசுன்னு சொன்னேன். மாட்டேன்னுட்டா. அத்தைகிட்ட நான் உண்மையைச் சொல்லட்டுமான்னேன். அதுவும் வேண்டாம்னுட்டா.”

அத்தையிடம் பேச முடியுமா என்று கேட்டேன். யாரிடம் தப்பாகச் சொன்னேனோ அவரிடமே போய்த் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அத்தை அங்கேயே இருந்தார், பெட்டி கட்ட வந்திருந்தாராம். ஆன்ட்டி தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை மூச்சு விடாமல் சொன்னேன்: உங்களிடம் இன்ன இடத்தில் இன்னது சொன்னேன், அது பொய், அந்தப் பத்தி அவள் எழுதியது.

அந்தப் பக்கம் பெட்டி ஒட்டுகிற டேப் கிழிபடும் சத்தம்.

“எந்தப் பேச்சும்மா?” என்றார் அத்தை.

“அவளோட பாட் மிட்ஸ்வாவுல. நீங்ககூட அழுதீங்க.”

“நான் எல்லாத்துக்கும் அழுவேன். அன்னிக்குப் புது ஷூ வேற, குதிகால் ரெண்டும் கிழிஞ்சு போச்சு. அதுதான் ஞாபகம் இருக்கு.” பிறகு, என்னைச் சமாதானம் செய்வதுபோல, “நீ எழுதினதாவே இருந்தாலும் நான் ஒண்ணும் தப்பா நெனச்சிருக்க மாட்டேன் கண்ணு” என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் யாரைக் கவர ஒரு தோழியை இழந்தேனோ அவர் மனசில் என் வாக்கியம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

“ஆன்ட்டி, ஒரிஜினல் பேப்பரை எனக்கு அனுப்பாதீங்க” என்றேன். “அவகிட்டக் குடுங்க.”

“வேண்டாம்னுதானே சொன்னா.”

“வேண்டாம்னா அவளே தூக்கிப் போடட்டும். அவளோடதுதானே. அவ நம்பர் கிடைக்குமா?”

“கேட்டுட்டுத் தரேம்மா” என்றார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்! ஒரு காலத்தில் அந்த வீட்டு ஃபிரிட்ஜைக் கேட்காமல் திறப்பவள் நான்.

நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் தொலைபேசியைக் குளியலறைக்குக்கூட எடுத்துப்போனேன். மூன்றாம் நாள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணை எங்கள் குழுவுக்கு அறிமுகப்படுத்தினார்கள். மேலாளர் என்னைக் காட்டி, “இவங்க சின்ன வயசுல ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தாங்க, சொல்லுங்களேன் அதை” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “அது நான் எழுதினது இல்ல” என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வேறு சுவாரசியமான விஷயம் இல்லை. பேச்சு அடுத்தவரிடம் போனது. அவர் மலையேறுவாராம்.

ஐந்தாம் நாள் காலை எண் வந்தது. ஆன்ட்டி வேறு எதுவும் எழுதவில்லை.

செய்தி எழுத ஆரம்பித்தேன். முதல் வரைவு ஒன்றரைப் பக்கம். பாளையம், கதவு, மன்னிப்பு, நாக்கு எல்லாம் இருந்தது. படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் தொந்தரவு. அதிலும் நான் மேடையேறி நின்றிருந்தேன். எல்லாவற்றையும் அழித்தேன். கடைசியில் அனுப்பியது நான்கு வரி: “இரண்டாம் பக்கத்துப் பத்தி நீ எழுதியது. அதை நான் எழுதியதாக உன் அத்தையிடமும், பிறகு நிறையப் பேரிடமும் சொன்னேன். அடித்த வரியையும் பார்த்தேன். நீ ஏழு நாளும் வந்தாய்.” என் பெயரைப் போட்டேன். என் எண் அவளிடம் இருக்காதே.

அன்றைக்குப் பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. நான் அலுவலகத்தில் இருவரிடம் எரிந்து விழுந்தேன். பிறகு இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஏதோ மன்னிப்புக் கேட்கிற வாரம்போல.

ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்தது.

“அம்மா பேப்பரைக் கொடுத்தாங்க. வெச்சுக்கிட்டேன். சொன்னதுக்கு நன்றி.”

வைத்துக்கொண்டாள். அதைப் படித்ததும் மடித்த துணிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். அதுதான் நான் வேண்டியது. அவளுடையது அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. தூக்கிப் போடவில்லை.

பிறகு மறுபடி படித்தேன். மூன்று வாக்கியம். மூன்றிலும் ஒரு கேள்விகூட இல்லை. ‘நீ எங்கே இருக்கிறாய்’ என்று ஒன்று இருந்திருந்தால் நான் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். ‘எப்படி இருக்கிறாய்’ போதுமே, அதைக்கூடப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவள் எங்கே இருக்கிறாள், என்ன வேலை, யாரோடு இருக்கிறாள், எதுவும் எனக்குத் தெரியாது. கேட்கலாமா என்று தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டினேன். எழுத எனக்கு வராததா? ஆனால் அவள் கேட்காத ஒன்றை நானாக நீட்டுவது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தாகிவிட்டது.

பதிலாக ஒன்றும் அனுப்பவில்லை. சாயங்காலம் வரை திரையில் அந்த மூன்று வாக்கியமும் திறந்தே இருந்தன. அணையப்போகும்போதெல்லாம் விரலால் தொட்டு விழிக்கவைத்தேன். அந்தப் பக்கத்தில் அவள் தட்டுகிறாள் என்று காட்டும் மூன்று புள்ளி ஒரு தடவை வந்ததுபோல இருந்தது. உற்றுப் பார்த்தேன். இல்லை.